பூஜை போட்ட டிஸ்க்

சுவருக்கு அந்தப் பக்கம் நான்காவது அடி விழுந்தது. எண்ணக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் எண்ணுகிறேன், தொழில் புத்தி, எதையும் எண்ணி நேரம் போட்டு எழுதி வைக்கிற புத்தி. முதல் இரண்டும் கன்னத்தில். மூன்றாவது மந்தமாகக் கேட்டது, முதுகாக இருக்கும். இது மறுபடி கன்னம். "எந்த மெயிலைடா தொறந்தே? சொல்லீரு, மருவாதையாச் சொல்லீரு" என்கிறான் குழந்தைவேல், முதலாளியின் மச்சினன். அவனுக்கு முன்னால் நின்றால் என் வாய் 'அவர்' என்று சொல்லும், மனசு ஒருநாளும் சொன்னதில்லை. "தொறக்கலைங்க, சத்தியமா எதையும் தொறக்கலைங்க" என்கிறான் பிலவேந்திரன், டிஸ்பேட்ச் கிளார்க், அரியலூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயசு. அவர்கள் இருக்கும் அறைக்கு கலர் கிச்சன் என்று பெயர், சாயத்தூளை எடை போட்டுக் கலக்குகிற இடம், அங்கே ஆளை வைத்து அடிப்பார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். என் பக்கம் ஏசி ஓடுகிறது, என் மேஜையில் பேப்பர் தட்டில் பூஜைப் பொரி இருக்கிறது, பொட்டுக்கடலை தனியாக ஒதுங்கிக் கிடக்கிறது, சற்றுமுன் அதில் நாலைந்தைப் பொறுக்கி வாயில் போட்டிருக்கிறேன், எப்போது போட்டேன் என்று தெரியவில்லை, முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் என்று நினைக்கிறேன். மணி ஒன்பதே முக்கால். விஜயதசமி. வாசலில் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய் குங்குமத்தைக் கக்கிக்கொண்டு இன்னும் கிடக்கிறது, ஸ்கூட்டரை அதன்மேல் ஏற்றாமல் ஒடித்துத்தான் உள்ளே வந்தேன். முதலாளி கோயமுத்தூரிலிருந்து கிளம்பிவிட்டார், அவிநாசி தாண்டியிருப்பார், இன்னும் அரை மணி நேரம்.

லேப்டாப்பில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிதான். சர்வர் போய்விட்டது, டிஸ்பேட்ச் போய்விட்டது, லேப் கம்ப்யூட்டர் போய்விட்டது, எதைத் தொட்டாலும் சிவப்புத் திரை, உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கட்ட எழுபத்திரண்டு மணி நேரம் என்று இங்கிலீஷில் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள், ப்ளீஸ் எல்லாம் போட்டு. பிழைத்தது ஃபயர்வால் பெட்டி மட்டும், சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி, வெளியிலிருந்து யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று தன்பாட்டுக்கு எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். அதில் இருக்கிறது. நேற்று, புதன்கிழமை, மதியம் இரண்டு பதினான்கு, எங்கேயோ இருக்கிற ஒரு நாட்டிலிருந்து, உள்ளே வந்த பயனர் பெயர் மகுடீஸ்வரன். மகுடீஸ்வரன் நான். இரண்டு பதினான்குக்கு மகுடீஸ்வரன் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தான், குறட்டைகூட விட்டிருப்பான், அந்த நேரத்தில் இன்னொரு மகுடீஸ்வரன் நிதானமாக உள்ளே வந்து இருபத்தோரு வருஷத்து ரெசிப்பியை ஒன்றொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தான். பதினோராயிரம் கலர். துணி வாங்குகிற எந்த பையருக்கு எந்த நீலம், அந்த நீலத்தில் எத்தனை கிராம் சிவப்பு, எத்தனை உப்பு, எத்தனை நிமிஷம், எல்லாம். இனி எங்கள் சாயப்பட்டறைக்குச் சிவப்பு என்றால் என்னவென்று தெரியாது. ஐந்தாவது. இது கையால் அடித்தது இல்லை. சாயம் கலக்குகிற கட்டையை எடுத்துவிட்டான்.

அந்தக் கட்டையை எனக்குத் தெரியும். வேப்ப மரம், இரண்டரை அடி, நுனி கருநீலமாக ஊறிப்போயிருக்கும். எழுந்து போய்ச் சொல்லலாம். அவனில்லை, நான்தான் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும், ஒரு நொடிகூட ஆகாது, சொல்லிவிடலாம், சொன்ன பிறகு அந்தக் கட்டை எந்தப் பக்கம் திரும்பும் என்றும் தெரியும், அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன், வேறு தத்துவம் ஒன்றும் இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அதையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருக்கிறேன். குழந்தைவேல் வந்து "ஏனுங் சார், இதெல்லாம் எப்படீங்க உள்ள வருது?" என்று கேட்டான். "பொதுவா மெயில் வழியாத்தாங்க வரும்" என்றேன். உண்மை. "மொதல்ல எந்த சிஸ்டத்துல தெரிஞ்சுது?" "டிஸ்பேட்ச்லங்க." அதுவும் உண்மை, ஏழரை மணிக்கு முதல் ஆளாக வந்து கம்ப்யூட்டரைப் போட்டவன் பிலவேந்திரன்தான், மறுபூஜைக்கு முன்னால் மேஜையைத் துடைத்து வைக்கலாம் என்று வந்திருக்கிறான், கூறுகெட்டவன், லீவு நாளில் ஒன்பதுக்கு வந்தால் போதாதா. இரண்டு உண்மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். மீதியைக் குழந்தைவேல் தானாகவே சேர்த்துக்கொண்டான். போதாததற்கு டிஸ்பேட்ச் சுவரில் நானே ஒட்டிய தாள் இருக்கிறது, 'தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள், ஒரு கிளிக்கில் கம்பெனியே போய்விடும்', கீழே என் கையெழுத்து. அதைக் கிழித்துக்கொண்டு போய் பிலவேந்திரன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படிக்கச் சொன்னான் குழந்தைவேல். அவன் படித்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தது இங்கே கேட்டது.

முதலாளியம்மா சொன்னதற்கு நான் என்ன செய்ய முடியும்? பேக்கப் டிஸ்க் பூஜைக்கு வரவேண்டும் என்று அவர்தான் சொன்னார். அது வருஷம் முழுக்க லாக்கரில் தனியாக இருக்கிற டிஸ்க். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே எடுப்பேன், சர்வரில் மாட்டுவேன், எல்லாவற்றையும் அதில் எழுதுவேன், கழற்றுவேன், திரும்ப லாக்கர். கழற்றி வைத்த டிஸ்க்கை உலகத்தில் எந்தத் திருடனும் தொட முடியாது, அதுதான் என் மூன்று வருஷப் பாதுகாப்பின் மொத்த சூட்சுமம், மற்றதெல்லாம் தாளில் ஒட்டுகிற வசனம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா தட்டோடு வந்தார். பாய்லருக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, ஃபோர்க்லிப்டுக்கு மாலை. சர்வருக்கு முன்னால் நின்று, "ஏங் கண்ணு, அந்த லாக்கர்ல இருக்கறது தானே கம்பெனிக்கே உசுருன்னு சொல்லுவே? அதை மட்டும் ஒளிச்சு வெச்சா எப்படி? அதுவும் ஆயுதந்தானே, எடுத்து மாட்டு, லைட்டு எரியோணும், உசுரோட இருக்கறப்பத்தான் தீவாரணை காட்டோணும்" என்றார். எடுத்து மாட்டினேன். பச்சை லைட் எரிந்தது. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்தியும் வைத்தார். முடிந்ததும் கழற்றக் கை கொண்டுபோனேன். "தொடாதே கண்ணு! பூஜை போட்டதை நாளைக்கு மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது, தெரியாதா உனக்கு?" தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் அரிவாள்மனையைத் தொடாமல் நேற்று என் பெண்டாட்டி வெங்காயத்தைக் கையால் பிய்த்துத்தான் போட்டாள். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். சும்மா விட்டுவிட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அக்கறை. டிஸ்க் மாட்டிக் கிடக்கிறதே, வீட்டிலிருந்தே அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியிலிருந்து சர்வருக்குள் வர ஒரு வழியைத் திறந்துவிட்டேன். செல்போனில் தட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று பாஸ்வேர்ட் கம்பெனி பேரும் ஒன்று இரண்டு மூன்றும். அந்த வழியாகத்தான் வந்து, மாட்டிக் கிடந்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறான். இதையும் வைக்கக் கூடாது என்று இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறேன், அது அக்கவுண்ட்ஸ் அறையில் இருக்கிறது.

ஆறு. ஏழு. பிலவேந்திரனிடமிருந்து இப்போது ஒரு மாதிரி மூச்சு மட்டும் வருகிறது. எனக்கு அந்தத் திருடன் வேண்டும். இரண்டு பதினான்குக்கு வந்தவன். அவன் எனக்குக் கையில் கிடைக்க வேண்டும். மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏழாம் நம்பர் சாய மெஷினின் மூடியைத் திறந்து, தொண்ணூறு டிகிரியில் சுழல்கிற கருப்புக்குள் அவன் மூஞ்சியை அமுக்க வேண்டும், உதறுவான், உதறட்டும், தூக்கிப் பார்த்து, மூச்சு விடவிட்டு, மறுபடி அமுக்க வேண்டும், விரலை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்க வேண்டும், எந்த விரலால் தட்டினாய், இதுவா, இதுவா என்று கேட்டுக் கேட்டு மடக்க வேண்டும். ஆனால் மூஞ்சி வரமாட்டேன் என்கிறது. எங்கே உட்கார்ந்திருப்பான், அவனுக்கும் வீட்டில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்களா, எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பான், சந்தனம் வைத்த டிஸ்க் என்று அவனுக்குத் தெரியுமா? தெரியாது, அவனுக்கு இது ஒரு எண், ஒரு கதவு, தள்ளினான், திறந்தது. இப்படி ஒருத்தனைப் பிடித்து அடிக்க முடியாது என்பதுதான் இதில் இருக்கிற பெரிய கொடுமை. ஹோட்டலில் நடந்த கருத்தரங்கில் கோட்டுப் போட்ட ஒரு ஆள் இதையெல்லாம் படம் போட்டு விளக்கினார், தாக்குதல் நடந்தால் முதலில் செய்ய வேண்டியது பதற்றப்படாமல் இருப்பது என்றார், எல்லோரும் எழுதிக்கொண்டோம், பிறகு பிரியாணி. அந்தக் கோட்டையும் பிடித்து ஏழாம் நம்பருக்குள் அமுக்கினால் என்ன. எல்லா மெஷினும் நின்று கிடக்கிறது. அதனால்தான் சுவருக்கு அந்தப்பக்கம் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது, மற்ற நாளில் பாய்லர் சத்தத்தில் ஒருத்தனைக் கொன்றே போட்டாலும் கேட்காது.

கொன்றுவிடுவானோ. குழந்தைவேல் கொல்லமாட்டான், உடைப்பான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லாரி டிரைவர் ஒருத்தர் துணி ரோலை வழியில் இறக்கி விற்றார் என்று பிடித்தபோது வலது மணிக்கட்டை உடைத்தான், போலீஸ் கேஸ் ஆகவில்லை, அந்த டிரைவர் இப்போது செக்யூரிட்டி வேலை பார்க்கிறார், பேருந்து நிலையத்தில் பார்த்தேன், இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார், நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஏன் நகர்ந்தேன்? நானா உடைத்தேன்? ஆனால் சிசிடிவி பதிவை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு மணிக்கட்டு உடைந்தால் டைப் அடிக்க முடியாது. மணிக்கட்டோடு போகுமா எனக்கு? இருபத்தோரு வருஷத்தைத் தொலைத்தவன் நான், மணிக்கட்டு எந்த மூலைக்கு. கட்டை முதலில் எங்கே விழும், தோளிலா, நான் கையை உயர்த்தினால் முழங்கையிலா, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாமா, மூக்கில் உடைந்து ஏறிவிட்டால்? முட்டிபோடச் சொல்வானோ. பாய்லர் ஆட்கள் எல்லாம் பார்ப்பார்கள், 'சிஸ்டம் சார்' என்று எழுந்து நிற்கிறவர்கள். அக்கவுண்ட்ஸ் பெண்கள் பார்ப்பார்கள். அழுதுவிடுவேன், அது நிச்சயம், ஒரே அடிக்கு அழுதுவிடுவேன். பிலவேந்திரன் ஏழுக்கும் அழவில்லை. சின்ன வயசு, தாங்கும், நாலு நாளில் வீக்கம் வடியும், வேலை போனாலும் டிஸ்பேட்ச் கிளார்க் வேலை எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், திருப்பூர் முழுக்கப் போர்டு தொங்குகிறது. நாற்பதை நெருங்குகிறவனுக்கு யார் கொடுப்பார்கள், அதுவும் கம்பெனியைத் திறந்துவிட்டுத் தூங்கியவனுக்கு? கணக்கு சரியாக வருகிறது. கர்த்தரே என்றான் இப்போது. எட்டு. நேற்று சந்தனத்தைக் குழைத்தது இவன்தான், அம்மாவுக்குப் பின்னாலேயே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான், ஒவ்வொரு கீபோர்டுக்கும் ஓரத்தில் மட்டும் பொட்டு வைத்தான், "எழுத்து மேல பட்டா ஒட்டிக்கும்ல சார்" என்று என்னிடம் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான். இதைத்தான் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, நான் சர்வர் அறையைப் பூட்டும்போது வந்து நின்றான், தலையைச் சொறிந்துகொண்டு. "சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த டிஸ்க்கு மாட்டினபடியே இருக்கே. நீங்கதான் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தீங்க, வேல முடிஞ்சதும் கழட்டிரணும்னு. அம்மா போயிட்டாங்க, யாரும் பாக்கல, நான் வேணா கழட்டி உங்க கையில குடுத்துரவா? நான் வேதக்காரன்தானே, நான் தொட்டா எந்தச் சாமியும் கோவிச்சுக்காது." சிரித்தான். முப்பத்திரண்டு பேருக்கு வகுப்பு எடுத்தேன், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, முப்பத்தொரு பேர் தூங்கினார்கள், ஒருத்தன் கேட்டிருக்கிறான். அவனிடம் நான் என்ன சொன்னேன்? "எனக்கே பாடம் எடுக்கிறியா? போடா, போய் பஸ்ஸைப் பிடி" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, சுருக்கென்று இருந்தது, அதனால் சொன்னேன். அவன் போய்விட்டான். நான் பூட்டினேன், செல்போனை எடுத்து அந்த வழியைத் திறந்தேன். இப்போது அடி வாங்கிக்கொண்டே இருக்கிறவன் அதை ஏன் இன்னும் சொல்லவில்லை? சார்தான் மாட்டினார், சாரிடம் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கட்டை நின்றுவிடுமே. மறந்துவிட்டானா? என்னைக் காப்பாற்றுகிறானா? எதற்குக் காப்பாற்றுகிறான், நான் அவனுக்கு என்ன செய்தேன்? இல்லை, முதலாளி வரட்டும், அவர் முன்னால் சொல்லலாம் என்று வைத்திருக்கிறான். அப்படித்தான் இருக்கும். அவிநாசி தாண்டியாகிவிட்டது. அந்த வரியை அழிக்கலாம். விரல் அதன்மேல்தான் இருக்கிறது, ஒரு தட்டு, போய்விடும், பெட்டியில் இருக்கிற அந்த மகுடீஸ்வரன் போய்விடுவான். ஆனால் கலர் கிச்சனில் இருக்கிற வாயை எந்த பட்டனை வைத்து அழிப்பது? ஐயோ, என்ன நினைக்கிறேன் நான். எழுந்திரு. எழுந்து போ. போய் நான்தான் என்று சொல், உடைக்கட்டும், இரண்டு கையையும் உடைக்கட்டும், தூங்கலாம் அப்புறம். ஒன்பது. எழுந்துவிட்டேன். நடக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கதவைத் தள்ளினேன். சாயத்தூளின் புளித்த வாடை. குழந்தைவேலுக்கு வியர்த்து வழிந்தது, காதில் இன்னும் பூஜைப் பூ வைத்திருந்தான். அவனுடைய டிரைவர் பிலவேந்திரனின் இரண்டு கையையும் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டைக் காலர்வரை வந்திருந்தது, ஒரு கண் மூடிப்போயிருந்தது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்தது நிஜம். அதற்குள் அவன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, தொலைந்த பிள்ளை கூட்டத்தில் அப்பனைக் கண்டதும் வருமே, அது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. "சார் வந்துட்டாரு. சாரைக் கேளுங்க, சாருக்கு எல்லாம் தெரியும். நேத்தே நான் சார்ட்ட" என்றான், அதற்குமேல் சொல்ல நான் விடவில்லை. என் கை அவன் வாயிலேயே விழுந்தது. பல் என் விரலில் குத்தியது. மறுபடி அடித்தேன். தலை சாய்ந்தது, மயிரைப் பிடித்து நிமிர்த்தி மறுபடி வாயிலேயே அடித்தேன், அந்த வாய்தான், அந்த வாய் மூட வேண்டும், வயிற்றில் முட்டியால் இடித்தேன், டிரைவர் பிடியை விட்டுவிட்டான், கீழே விழுந்தவனைக் காலால் மிதித்தேன், யாரோ கத்துகிற சத்தம் கேட்டது, என் குரல்தான், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்து என்னைக் கட்டிப் பிடித்து இழுத்தான் குழந்தைவேல். "சார், சார், விடுங்க, போதும் விடுங்க, செத்துக்கித்துப் போயிரப் போறான்." என்னைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க, அடக்கமான குரலில் கேட்டான்: "அப்ப இவன்தானுங்களா சார்?"

"இவன்தான்" என்றேன். யாரோ நாற்காலி எடுத்துப் போட்டார்கள். டிரைவர் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். கீழே கிடந்தவனைத் தாண்டி வந்து, அதை என்னிடம் நீட்டினான். குடித்தேன்.